ஸ்பேனர் நழுவினால் கை எங்கே போய் நிற்கும்?

சைக்கிள் பழுதுபார்க்கும்போது கையில் படும் காயங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, இறுகிக் கிடந்த ஒன்று திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது படுவது. பெடல் அசையாது, முழுப் பலத்தையும் போடுவோம், ‘டக்’கென்று விடும், போன வேகத்தில் விரல் முட்டி செயின் வீல், அதாவது பெடலோடு சுற்றும் முன் பற்சக்கரத்தின் பல்லில் இடிக்கும். இது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் தோலோடு போய்விடும். இரண்டாவது வகை, சுற்றும் பாகம் விரலை உள்ளே இழுத்துக்கொள்வது. இது அபூர்வம்தான், ஆனால் நடந்துவிட்டால் விரல் நுனியே மிஞ்சாமல் போகலாம்.

இரண்டுக்கும் தற்காப்பு வேறு. ஒன்றுக்கு உதவும் கனமான கையுறை மற்றதில் ஆபத்தைக் கூட்டும். ‘கையுறை போட்டுக்கொண்டு கவனமாகச் செய்யுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அதனால்தான் பெரிய பிரயோசனம் இல்லை. எந்த வேலையில் கை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தால்தான் வழி தெரியும்.

பெடல்

விரல் முட்டியைப் பதம் பார்ப்பதில் முதலிடம் பெடலுக்குத்தான். வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர்மரை. இது தெரியாமல் இடது பெடலை இறுக்கும் பக்கமாகவே தம் கட்டித் திருகுகிறவர்கள் உண்டு. அது கழலாது, ஸ்பேனர்தான் வழுக்கும். வலம், இடம், கடிகாரச் சுற்று என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் இரண்டு பெடலும் கழலும், முன்சக்கரத்தின் பக்கம் சாய்த்தால் இரண்டும் இறுகும். ஆறுபட்டை முனையுள்ள ஆலன் கீயை உள்பக்கத்திலிருந்து மாட்டினாலும் இதே கணக்குதான்.

இனி கையின் பாதை. கியர் சைக்கிளாக இருந்தால் முதலில் செயினை முன்னால் உள்ள பெரிய பற்சக்கரத்துக்கு ஏற்றிவிடுங்கள். செயின் சின்னச் சக்கரத்தில் கிடந்தால் பெரிய சக்கரத்தின் பற்கள் முழு வட்டமும் திறந்திருக்கும். பெரிய சக்கரத்துக்கு ஏற்றினாலும் எல்லாப் பல்லும் மூடிவிடாது என்பதைக் கவனியுங்கள். செயின் தழுவிக்கொண்டு போவது அந்தச் சக்கரத்தின் முன்பாதியை மட்டும்தான். பின்பாதி, அதாவது சீட்டுக் குழாய் இருக்கும் பக்கம், எப்போதும் திறந்தே இருக்கும். அதனால் கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டை, முன்னோக்கி, தரைக்கு இணையாக நிறுத்திவிட்டு வேலை செய்வது நல்லது. கை தவறினாலும் செயின் மூடிய பக்கம்தான் வரும். ஒற்றைச் செயின் வீல் உள்ள சைக்கிளில் திறந்த பாதிமேல் நான்காக மடித்த துணியைப் போட்டு, பழைய டியூப் துண்டால் கட்டிவிடலாம்.

கிராங்க் முன்னோக்கி நிற்கும்போது ஸ்பேனரைக் கிராங்குக்குச் சற்று மேலே, இரண்டுக்கும் நடுவில் குறுகிய கோணம் வரும்படி மாட்டுங்கள். பிடி பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிறகு மேலிருந்து உள்ளங்கையால் கீழே அழுத்துங்கள். வலது பெடல், இடது பெடல் இரண்டுக்கும் இதே நிலைதான். விரல்களை மடக்கிப் பிடியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மரை விட்டதும் ஸ்பேனர் கிராங்கில் போய் மோதும். இடையில் விரல் இருந்தால் நசுங்கும். உள்ளங்கையை விரித்து அழுத்தினால் அது நேராகக் கீழே போய் நின்றுவிடும். அழுத்தும்போது சைக்கிள் முன்னால் ஓடப் பார்க்கும். பின் பிரேக் லிவரை ஹேண்டில்பாரின் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் துண்டால் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பேனரைப் பொறுத்தவரை 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், இல்லையென்றால் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. எந்தப் பெடலுக்கு எது என்பது அச்சைப் பார்த்தாலே தெரியும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேறு வழியே இல்லாதபோதுதான். அப்போதும் தாடையைத் தட்டையாக அச்சோடு ஒட்ட இறுக்கிவிட்டு, பலம் அசையாத தாடையில் விழும்படி மாட்டுங்கள். நகரும் தாடைமேல் பலம் விழுந்தால் அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். வழுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியும் அசையவில்லையா? இன்னும் கொஞ்சம் பலம் போடுவோம் என்று தோன்றும் அந்த நேரம்தான் நிறுத்த வேண்டிய நேரம். மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு சில மணி நேரம் விட்டுவிடுங்கள், பிறகு நீளமான பிடியுள்ள ஸ்பேனரை எடுங்கள். நீளம் கூடினால் தேவையான பலம் குறையும், பலம் குறைந்தால் மரை விடும்போது கை பாயும் தூரமும் குறையும். குட்டை ஸ்பேனரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் முட்டி பிய்கிறது. திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவி 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்கினால் போதும். கிரீஸ் இல்லாமல் பூட்டிய பெடல்தான் அடுத்த முறை இந்தப் பாடு படுத்துகிறது.

ஆலன் கீ வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அழுக்கு. போல்ட் தலையின் குழியில் சேறு காய்ந்து கிடந்தால் கீ பாதி ஆழம்தான் இறங்கும். பாதி ஆழத்தில் திருகினால் குழியின் விளிம்பு மழுங்கி, கீ வெளியே துள்ளும். ஊசியோ பழைய ஸ்போக் முனையோ வைத்துச் சுரண்டிவிட்டு, கீ அடிவரை இறங்குகிறதா என்று பாருங்கள். உருண்டை முனை உள்ள கீ சாய்வாக எட்ட மட்டும்தான். இறுகியதை உடைக்க நேரான முனை வேண்டும். முனை தேய்ந்து பளபளவென்று உருண்டுபோன கீயைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வருவதில்லை. ஆனால் முனையை ஒரு சென்டிமீட்டர் அறுத்துத் தேய்த்துவிட்டால் மறுபடி புதுசுதான்.

பின்சக்கரத்துக் கேசட்டின் (கியர் பற்சக்கரங்களின் அடுக்கு) பூட்டு வளையமும் இதே ரகம். அது 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்பட்டது. விடும்போது ‘கடக்’கென்று சத்தம் போட்டுக்கொண்டு விடும். கேசட் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி சக்கரத்தை நிமிர்த்தி வைத்து, மேலிருந்து எட்டி, இடக்கையில் பற்சக்கரத்தைச் சுற்றாமல் பிடிக்கும் செயின் விப் (செயின் துண்டு மாட்டிய கம்பி), வலக்கையில் பூட்டு வளையத்தைக் கழற்றும் சாவியின் ஸ்பேனர். இரண்டையும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இரண்டு கையும் பற்களை விட்டு விலகிக் கீழே போகும். ஒன்றை மேலே தூக்கி மற்றதைக் கீழே அழுத்தும்படி மாட்டினால், தூக்குகிற கை எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. சாவியை அச்சின் ஊடே போகும் குவிக் ரிலீஸ் கம்பியால் லேசாகப் பிடித்துவைத்தால் அது பல்லிலிருந்து நழுவாது. முதல் சுற்றுக்குப் பிறகு கம்பியைத் தளர்த்த மறக்கக் கூடாது.

மரையால் சக்கரத்தில் திருகிப் பூட்டும் பழைய ஃப்ரீவீலுக்கு இன்னும் பத்திரமான வழி உண்டு. கழற்றும் சாவியை வைஸ் என்னும் இடுக்கியில் கடிக்கவிட்டு, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, ரிம்மை இரண்டு பக்கமும் பிடித்து இடப்பக்கமாகச் சுற்றுவது. கை பற்களுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். வைஸ் இருக்கிற இடத்தில் இதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து நீளக் குழாய் மாட்டி நெம்புவது வீண் வேலை.

செயினும் துணியும்

செயின் துடைப்பது ஆபத்தான வேலை என்று யாரும் நினைப்பதில்லை. துணியை விரலில் சுற்றிக்கொள்கிறோம், செயினைப் பிடிக்கிறோம், பெடலைச் சுற்றுகிறோம். துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் போதும், துணி உள்ளே போகும், சுற்றிய விரலும் கூடவே போகும். துணியை விரலில் சுற்றவே கூடாது. மடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், இழுத்தால் விட்டுவிடும்படி பிடிக்க வேண்டும். தொங்கும் நூல் உள்ள கிழிந்த துணி இதற்கு ஆகாது.

எங்கே பிடிப்பது என்பதற்கும் காரணம் இருக்கிறது. செயின் பல்லுக்குள் நுழையும் இடம்தான் விரலைப் பிடிக்கும் இடம், வெளியே வரும் இடம் அல்ல. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயினின் கீழ்வரிசை பின்னாலிருந்து முன்னால் போகும், மேல்வரிசை முன்னாலிருந்து பின்னால் போகும். ஆக அப்போது விரலைப் பிடிக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு: செயின் வீலின் அடிப்பக்கம், பின் பற்சக்கரத்தின் உச்சி. துணியைக் கீழ்வரிசையில், பின்பக்கம் தொங்கும் கியர் மாற்றிக்குச் சற்று முன்னால் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றினால், செயின் கையை அந்தச் சின்னப் பற்சக்கரங்களை விட்டு வெளியே தள்ளும். முன்னால் இருக்கும் செயின் வீல் எட்டத்தில் இருக்கும், விட்டுவிட நேரம் கிடைக்கும். அதே இடத்தில் பிடித்துக்கொண்டு முன்னோக்கிச் சுற்றினால் இரண்டு விரற்கடையில் பல். மேல்வரிசையில் பிடிக்க வேண்டிய அவசியமே கிடையாது.

ஒரு கை துணியில், மறு கை பெடலில். இன்னொருவர் சுற்ற, நீங்கள் துடைக்கும் ஏற்பாடு வேண்டாம். விரல் மாட்டியதைச் சுற்றுகிறவர் உணர்வதற்குள் பாதிப் பல் தாண்டியிருக்கும். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து சக்கரத்தைச் சுற்றிவிடவே விடாதீர்கள். சுற்றும் ஸ்போக்குகள் கண்ணுக்கு வெறும் காற்றாகத் தெரியும், பிள்ளைகள் விரலை நீட்டுவார்கள்.

இத்தனையும் ஃப்ரீவீல் உள்ள சைக்கிளுக்கு. பெடலை நிறுத்தினால் அங்கே செயினும் நின்றுவிடும். ஃபிக்ஸட் கியர் சைக்கிள் வேறு ஜாதி. அதில் பின்சக்கரம் சுற்றும்வரை செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் எடை பெரும்பாலும் விளிம்பில் இருப்பதால், விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் போனாலும் அது நிற்காது, மறுபக்கம் கொண்டுபோய்த்தான் விடும். விரல் துண்டாவது இப்படித்தான். ஒரே இடத்தில் நின்று மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்கள் பலவற்றிலும் இதே அமைப்புதான், போதாக்குறைக்குக் கனமான சுழல் சக்கரம் வேறு. ஃபிக்ஸட் கியரில் செயின் துடைக்கவோ எண்ணெய் விடவோ வேண்டுமானால் சக்கரத்தைக் கையால் கால் சுற்று நகர்த்தி, முழுக்க நிறுத்தி, கிடைத்த நீளத்தைத் துடைத்து, மறுபடி நகர்த்துவது. அல்லது செயினைக் கழற்றிவிட்டுத் துடைப்பது. செயினின் தொய்வைச் சோதிக்கும்போதும் சுற்றும் செயினில் விரலை வைக்காதீர்கள்.

பேட்டரி சைக்கிளில் இதற்கு முன்னால் ஒரு படி உண்டு: பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்துவிடுவது. சுவிட்சை அணைத்தால் போதாதா என்றால், போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திராட்டிலில் கை பட்டாலோ, கிராங்கைச் சுற்றியதை மிதிப்பதாக சென்சார் எடுத்துக்கொண்டாலோ மோட்டார் கிளம்பிவிடும். அதன் இழுவைக்கு விரல் ஒரு தடையே அல்ல.

டிஸ்க் பிரேக்கின் தட்டு இன்னொரு கத்தி. புதிதாக 1.8 மி.மீ. தடிமன், நடுவில் ஓட்டைகள், சுற்றும்போது ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தட்டு உரசுகிறதா என்று பார்க்கச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விரலால் காட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஓட்டைக்குள் போன விரல் தட்டைக் கவ்வும் காலிப்பரில் போய் வெட்டுப்படும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் தட்டுக்கும் பேடுக்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும். விரலுக்கு அங்கே வேலையில்லை. நீண்ட இறக்கத்தில் இறங்கி வந்தவுடன் அந்தத் தட்டைத் தொட்டால் தோல் பொசுங்கும். ஆறிய பிறகும் தட்டைப் பிடித்துச் சக்கரத்தைத் தூக்காதீர்கள். கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பிரேக் பிடிக்காது.

கையுறைக் கதைக்கு வருவோம். இறுகிய நட்டு, தகட்டு மட்கார்டு, செயின் கேஸ் விளிம்பு, உடைந்த ஸ்போக், இவற்றுக்குக் கனமான கையுறை நல்லது. சக்கரமோ செயினோ சுற்றும் வேலையில் கனமான கையுறை கூடாது, துணி மாட்டுவதுபோலவே அதுவும் மாட்டும். அங்கே வெறுங்கை, இல்லையென்றால் கையோடு ஒட்டிய மெல்லிய நைட்ரைல் உறை. அது சட்டென்று கிழிந்துபோகும், அதுதான் அங்கே அதன் சிறப்பு. அழுக்கு வேலைக்கு லேட்டக்ஸ் சரிப்படாது, எண்ணெய் பட்டால் ஊறிப்போகும். பருத்திக் கையுறை இன்னும் மோசம்: மண்ணெண்ணெயையும் டிகிரீஸரையும் உறிஞ்சித் தோல்மேல் மணிக்கணக்கில் ஒட்டவைக்கும்.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், காப்பையும் கைக்கடிகாரத்தையும் கூட. மோதிரம் ஸ்போக்கிலோ பல்லிலோ மாட்டினால் விரலின் தோலை உறை கழற்றுவதுபோல் உரித்துக்கொண்டு போகும். பேட்டரி முனைகளில் பட்டால் மோதிரமே பழுக்கச் சூடாகிவிடும்.

சின்னச் சின்னக் குத்துகள்

பிரேக் ஒயர் முனை. ஒயர் என்பது பல மெல்லிய எஃகு இழைகளின் முறுக்கு. முனையில் தொப்பி இல்லாவிட்டால் இழைகள் பிரிந்து நிற்கும், துடைக்கும்போது ஒன்று நகக்கண்ணில் ஏறும். சாதாரணக் கட்டிங் பிளேயர் ஒயரை நசுக்கித்தான் வெட்டும், அதில்தான் இழை பிரிகிறது. ஒயர் கட்டர் நான்கு பக்கமும் அணைத்து வெட்டும். அது இல்லையென்றால் வெட்டும் இடத்தில் டேப் சுற்றிவிட்டு வெட்டுங்கள். வெட்டிய துண்டு கண்ணுக்குப் பறக்கும் என்பதால் கண்ணாடி போடுங்கள், துண்டின் முனையை மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்டிய கையோடு தொப்பி மாட்டி நசுக்கிவிட வேண்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டால் விட்டதுதான்.

பஞ்சர். எதனால் பஞ்சர் ஆனது என்று டயரின் உட்பக்கம் விரலை ஓட்டித் தேடுவது எல்லோருக்கும் பழக்கம். உள்ளே இருப்பது கண்ணாடிச் சில்லோ, லாரி டயரிலிருந்து உதிர்ந்த தலைமுடி கனத்துக் கம்பியோ. டியூப்பைக் குத்தியது விரலைக் குத்தாதா? பஞ்சையோ மெல்லிய துணியையோ உட்பக்கம் ஓட்டுங்கள், முள் இருக்கும் இடத்தில் மாட்டும். ஒரு பக்கமாக மட்டும் ஓட்டினால் சாய்ந்து குத்திய கம்பி சிக்காது, எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

கைப்பிடி ரப்பர். பழைய ரப்பர் வராதபோது ஸ்க்ரூ டிரைவரை அடியில் நுழைத்து, மறு கையால் ரப்பரைப் பிடித்துக்கொண்டு நெம்புகிறார்கள். ரப்பரைத் துளைத்துக்கொண்டு வரும் ஸ்க்ரூ டிரைவர் நேராக அந்தக் கையின் உள்ளங்கையில்தான் இறங்கும். ஓரத்தை லேசாகத் தூக்கி உள்ளே ஸ்பிரிட் விட்டு முறுக்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தூக்கி எறியப்போகும் ரப்பர் என்றால் பிளேடை உங்கள் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக நீளவாக்கில் ஓட்டிக் கிழித்துவிடலாம். மணி, லைட், பிரேக் பேடு என்று எந்தச் சின்னப் பாகத்தையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துவதும் இதே விபத்துதான். தரையிலோ வைஸிலோ வைத்துத் திருகுங்கள்.

கையில் ஒட்டிய கருப்பைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவுவது பலருக்குப் பழக்கம். தோலின் இயற்கை எண்ணெயை அது உருவிவிடும், பிறகு வெடிப்பு, அரிப்பு, அந்த வெடிப்பு வழியாகவே அழுக்கு உள்ளே போவது. சமையல் எண்ணெயைத் தேய்த்துக் கருப்பைக் கரைத்து, துணியால் வழித்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டால் போதும்.

பட்ட பிறகு

சாதாரண வெட்டு என்றால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கிரீஸ் போகக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து திறந்து பார்த்தால் நிற்காது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம் கழற்ற மறந்திருந்தால் வீங்குவதற்குள் முதலில் அதைக் கழற்றுங்கள். அழுக்குக் காயம் என்பதால், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

செயின் வீல் பல்லில் இடித்த முட்டிக் காயத்தைப் பார்ப்பதற்குத் தனி முறை இருக்கிறது. இடிக்கும்போது கை ஸ்பேனரைப் பிடித்து மடங்கியிருந்தது. விரலை நீட்டியதும் தோலும் அதன் அடியில் ஓடும் தசைநாணும் வெவ்வேறு அளவில் நகர்ந்துவிடுவதால், உள்ளே பட்ட வெட்டு வெளிக்காயத்துக்கு நேராகத் தெரியாது. மேலே சின்னப் பொத்தல், உள்ளே மூட்டு வரைக்கும் போயிருக்கலாம். ஸ்பேனரைப் பிடித்தபோது இருந்ததுபோலவே கையை மெல்ல மடக்கிவைத்துப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, காயம் வாய் பிளந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு விரல் மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்ட முடிகிறதா, விரல் நுனியின் இரண்டு பக்கமும் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கக்கூடும். அதை அன்றைக்கே காட்ட வேண்டும்.

விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பிடுங்கி இழுக்காதீர்கள், பெடலைத் திருப்பிச் சுற்றியும் எடுக்காதீர்கள், மாட்டியது இன்னும் கிழியும். பக்கத்தில் இருப்பவர் பின்சக்கர நட்டுகளைத் தளர்த்திச் செயினைத் தொய்வாக்கட்டும், அல்லது செயின் கட்டரால் ஒரு பின்னைத் தள்ளிச் செயினைப் பிரிக்கட்டும். அதற்கும் வராவிட்டால் அந்தப் பாகத்தோடு சேர்த்தே கழற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

துண்டாகிவிட்டால் காயத்தை அழுத்திக் கட்டிவிட்டு, துண்டைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் பல்லிலோ கீழே கிரீஸிலோ கிடக்கும். தேய்க்காதீர்கள். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகத் துண்டின்மேல் படக் கூடாது, பட்டால் உறைந்து திசு கெட்டுவிடும். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.